மலையை விட்டு இறங்காமல் ஓ.ஜி. டாக்டராகவும் ஆசிரியராகவும் இருக்க முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊட்டி மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவி, கோத்தகிரிப் பக்கத்துப் பெண், கேட்டிருக்கிறார். மகப்பேறும் பெண்கள் நலமும், அதாவது ஆஸ்பத்திரிப் பேச்சில் ஓ.ஜி., எடுக்க ஆசை. பாடம் நடத்தவும் ஆசை. சீனியர்கள் என்ன சொல்கிறார்கள் என்றால், "மலையில் உட்கார்ந்தால் பிரசவம் பார்த்தே ஆயுசு போய்விடும், டீச்சிங் வேண்டுமென்றால் கோவைக்கோ சென்னைக்கோ இறங்கிவிடு." இது உண்மையா என்பது கேள்வி.

பாதி உண்மை. பிரசவம் பார்த்தே தூக்கம் போகும் என்பது சரி, அதை மறைக்க மாட்டேன். ஆனால் டீச்சிங் பற்றிச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சென்னை எழும்பூரில் நீங்கள் ஒரு வகுப்பு எடுக்காமல் போனால் எடுப்பதற்குப் பத்து பேர் இருப்பார்கள். 1844ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது, அங்கே பாடம் நிற்காது. இங்கே கூடலூருக்கு மேலே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற ஸ்டாஃப் நர்ஸுக்கு நீங்கள் ஒன்றைச் சொல்லித்தரவில்லை என்றால், அந்த இடத்தில் அந்த விஷயம் தெரிந்த ஆள் இல்லை, அவ்வளவுதான். மலையில் ஓ.ஜி. டாக்டருக்குக் கற்றுக்கொடுப்பது வைத்தியத்திலேயே ஒரு பாதி. எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வந்த பிறகு கர்ப்பப்பை கல் மாதிரி இறுகினால்தான் அந்த ரத்தக்குழாய்கள் அடைபடும். இறுகவில்லை என்றால் கண் முன்னாலேயே ஆள் வெளுத்துவிடும். ஊட்டியிலிருந்து கோவை அரசு மருத்துவமனை ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ரோடு நன்றாக இருந்தால் மூன்று மணி நேரம். ஐப்பசி கார்த்திகை மழையில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் ஒரு மரம் சாய்ந்துவிட்டால் எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. கேரள எல்லையோரப் பந்தலூர்க்காரர்கள் பாதிப் பேர் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோதான் போகிறார்கள், அதுதான் அவர்களுக்குக் கிட்ட. இந்தக் கணக்கில் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எங்கே வருகிறார்? ரத்தம் கொட்ட ஆரம்பித்த முதல் பத்து நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பது நர்ஸ், இல்லையென்றால் 108 ஆம்புலன்ஸில் இருக்கிற பையன். நான் அந்த நேரம் தியேட்டரில் இன்னொரு சிசேரியனில் இருப்பேன். அவர்களுக்குக் கை பழகியிருந்தால் அந்தப் பெண் என் கைக்கு உயிரோடு வருவாள்.

அதனால் நான் பயிற்சியை எப்போதும் சிவப்புத் தண்ணீரில்தான் தொடங்குவேன். ஒரு பாத்திரத்தில் 500 மில்லி அளந்து, சாயம் கலந்து, பழைய துணி, பஞ்சு, பேட் எல்லாவற்றின் மேலும் ஊற்றி, மிச்சத்தை ரப்பர் ஷீட்டில் ஓடவிட்டு, "எவ்வளவு போயிருக்கும்?" என்று கேட்பேன். பெரும்பாலும் 200, 250 என்பார்கள். அனுபவசாலிகள்தான் இன்னும் குறைத்துச் சொல்வார்கள், தினம் பார்க்கிறவர்கள் இல்லையா, கண் மரத்துப்போயிருக்கும். சாதாரணப் பிரசவத்தில் 500 மில்லி தாண்டினால் ஆபத்துக்கணக்கு என்று புத்தகத்தில் படித்தவர்கள்தான் எல்லோரும், ஆனால் 500 எப்படி இருக்கும் என்று துணியில் பார்த்தவர்கள் குறைவு. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்கு அடியில் வைத்து அளந்து பார்த்து, அளவு தாண்டியதும் கர்ப்பப்பை மசாஜ், அதை இறுக்கும் ஆக்சிடோசின், ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே செய்தால், கடுமையான ரத்தப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததாக 2023ல் வந்த இ-மோட்டிவ் ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் செய்த ஆய்வு, புது மருந்து எதுவும் இல்லை. இருக்கிற மருந்தை நேரத்துக்குக் கொடுத்தார்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட் ஒரு கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பின் போட்டுப் பயனில்லை. மூன்று மணி நேரம்! பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நம்ம ரெஃபரல் பயணத்தின் நேரமே அதுதான். அப்படியென்றால் கிளம்பும் இடத்திலேயே போட்டாக வேண்டும், போய்ச் சேரும் இடத்தில் இல்லை.

ஆக்சிடோசினுக்கு இன்னொரு சங்கதி உண்டு. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து. "ஊட்டியே ஃபிரிட்ஜ்தானே டாக்டர்" என்று சிரிப்பார்கள். பகலில் ஜன்னலோர வெயிலில் டிரேயில் கிடக்கிற ஆம்பூலுக்கு, அந்தச் சின்ன மருந்துக் கண்ணாடிக் குப்பிக்கு, ஊட்டி என்றும் தெரியாது, கோவை என்றும் தெரியாது. மலையில் காற்றடித்தால் கரண்ட் போகும், ஃபிரிட்ஜும் அதோடு போகும். ஆகவே தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுவது யார் வேலை என்று பெயர் போட்டு ஒட்டுவதும் என் பாடத்தில் சேர்த்தி.

கர்ப்ப ஜன்னிக்கு, அதாவது ரத்த அழுத்தம் ஏறி வரும் வலிப்புக்கு, மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு அனுப்புவது இன்னொன்று. சிலேட்டில் எழுதினால் எளிது: ஒவ்வொரு புட்டத்திலும் 5 கிராம், மொத்தம் 10 கிராம். ஆனால் ஒரு ஆம்பூலில் இருப்பது ஒரு கிராம்தான். பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும். பக்கத்தில் பெண்ணுக்கு ஜன்னி வெட்டிக்கொண்டிருக்கிறது, மாமியார் அலறுகிறார், கை நடுங்குகிறது, நான்காவது ஆம்பூலில் கண்ணாடி விரலைக் கிழிக்கிறது, எத்தனை உடைத்தோம் என்ற எண்ணிக்கை போய்விடுகிறது. அதனால்தான் நாங்கள் பயிற்சியில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல்களை வைத்து, ஒரு சிரிஞ்சுக்கு ஐந்து என்று இரண்டு வரிசையாக அடுக்கி, உடைத்ததை அந்தந்த வரிசைக்கு நேராகவே வைத்து எண்ணப் பழக்குகிறோம். பவர்பாயிண்ட் போட்டு ஒரு மணி நேரம் பேசினால் இது வராது. நேர்மையாகச் சொன்னால், நம் ஊரில் மருத்துவப் பயிற்சி என்ற பேரில் நடப்பதில் பெரும்பகுதி பவர்பாயிண்டும் மதியச் சாப்பாடும்தான்.

ரத்தப்போக்கைக் கர்ப்பப்பைக்கு உள்ளிருந்தே அழுத்தி நிறுத்தும், சலைன் நிரப்பிய காண்டம் பலூனும் அப்படித்தான். டாக்காவில் சயீபா அக்தர் என்ற மகப்பேறு மருத்துவர் கொண்டுவந்த முறை. கத்தீட்டர் குழாயின் நுனியில் காண்டத்தை நூலால் இறுக்கிக் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, ரத்தம் நிற்கும்வரை சலைன் விட வேண்டும், 250 முதல் 500 மில்லி. செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பயிற்சியில் பத்தில் ஏழு பேருக்கு முடிச்சு ஒழுகும். ஒழுகட்டும், அங்கேயே ஒழுகிவிட்டால் நல்லதுதான்.

சரி, இதெல்லாம் எந்த ஊரிலும் சொல்லித்தரலாமே, மலைக்கென்று தனியாக என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. முதலில் ஹீமோகுளோபின். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது கடல் மட்டத்துக் கணக்கு. உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, உடம்பு தானாகவே கொஞ்சம் கூடுதல் ரத்த அணு தயாரிக்கும். உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக வைத்திருந்த கணக்குப்படி 2000 மீட்டரில் 0.8 கிராம் கழித்துப் பார்க்க வேண்டும். ஊட்டி அதற்கும் மேலே, 2200 மீட்டருக்கு மேல். ஆக ஊட்டியில் 11.4 என்று ரிப்போர்ட் வந்த பெண்ணை "நார்மல்" என்று அனுப்பிவிட்டால், உண்மையில் 10.6 உள்ள பெண்ணை அனுப்பியிருக்கிறீர்கள். அவளே கூடலூரில் இருந்தால் கணக்கு வேறு, அது ஆயிரம் மீட்டர்தான். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கணக்கு! தாய் அட்டையில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது, மாணவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது சிக்கிள் செல், ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். இந்தியாவில் இந்த நோயை முதலில் கண்டறிந்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952ல், லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள். பணியர், இருளர், குறும்பர் சமூகத்துப் பெண் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பத்தில் "கை கால் மூட்டெல்லாம் உடைகிறது" என்று வந்தால், குளிர் காலமாகவும் இருந்தால், "வாயு, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு" என்று சொல்லி அனுப்பக் கூடாது. குளிர், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சல், மூன்றும் அந்த வலியைத் தூண்டும். ஃபோலிக் ஆசிட் வழக்கமான அளவு அவளுக்குப் போதாது, 5 மில்லிகிராம் வேண்டும். இரும்புச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது, குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துத்தான். மத்திய அரசின் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலையில்தான் வந்தது. கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை நடத்துகிறவர்கள் அதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே இதைப் பார்த்து வருகிறார்கள். அவர்களிடம் கற்க இன்னொன்றும் உண்டு. 1980களின் கடைசியில் வேலையைத் தொடங்கியபோது அவர்கள் முதலில் செய்தது, ஆதிவாசி இளைஞர்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும், பெண்களை நர்ஸ்களாகவும் பழக்கியது. ஆஸ்பத்திரி அப்புறம்தான் வந்தது.

இந்த வரிசை புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1900ல் ஒரு சின்ன கிளினிக், 1902ல் ஆஸ்பத்திரி, 1909ல் நர்ஸிங் பயிற்சி, 1918ல்தான் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நர்ஸ் முதலில், டாக்டர் பிறகு. ஓய்வு பெற்ற பின் அவர் போய் இருந்தது கொடைக்கானலில், 1960ல் இறந்ததும் அங்கேதான். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ. அந்த மருத்துவப் பள்ளிக்கும் முன்னால், 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் பெயரில் உள்ள மகப்பேறு உதவித்தொகைப் படிவம் நீங்களே நிரப்பியிருப்பீர்கள்.

இப்போது உங்கள் கல்லூரிக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த 11 மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று, 150 இடங்கள், 700 படுக்கை ஆஸ்பத்திரி 2025 ஏப்ரலில் வந்தது. ஆக, "டீச்சிங் வேண்டுமென்றால் இறங்கு" என்று உங்கள் சீனியர்கள் சொல்வது மலையில் மருத்துவக் கல்லூரியே இல்லாத காலத்துப் பேச்சு. அதுமட்டுமல்ல, இங்கே படுக்கையருகில் சொல்லித்தர இருப்பதெல்லாம் வேறு ரகம். ஒரு உதாரணம்: கடைசி மாதவிலக்குத் தேதி. புத்தகத்தில் "எல்.எம்.பி. கேள்" என்று ஒரே வரி. படுகர் வீட்டு அம்மா ஒருவரிடம் கேட்டால் "ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முந்தின வாரம்" என்பார், அதைத் தேதியாக்க உங்களுக்கு அந்த வருடப் பண்டிகை எப்போது என்று தெரிந்திருக்க வேண்டும். எஸ்டேட்டில் இலை பறிக்கிற பெண் "சம்பளம் போட்ட மறுநாள்" என்பாள். இது தப்பான பதில் இல்லை, தேதியை விடத் துல்லியமாகவே இருக்கும். காலண்டரோடு உட்கார்ந்து கேட்கத் தெரியாத மாணவர் "தேதி தெரியாது" என்று எழுதிவிட்டுப் போவார், பிறகு பிரசவத் தேதி தாண்டிவிட்டதா இல்லையா என்று கடைசி மாதத்தில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்வோம். புதிய பாடத்திட்டத்தில் மாணவர்கள் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது அல்லவா, பல இடங்களில் அது கையெழுத்து வாங்கும் சடங்காகப் போய்விட்டது. இங்கே அதை ஒழுங்காகச் செய்தால் அதை விட நல்ல வகுப்பு இல்லை.

பெண்கள் நலம் என்றால் பிரசவம் மட்டும் என்று நினைத்தும் வந்துவிடாதீர்கள். கர்ப்பப்பை இறக்கம் இங்கே நிறைய. பிரசவம் ஆன கொஞ்ச நாளிலேயே பச்சை இலை மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினால் என்ன ஆகும்? நிரந்தரத் தொழிலாளிக்கு 2017 சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தினக்கூலிக்குப் போகிறவளுக்கு, நடைமுறையில், எதுவும் இல்லை. அவள் வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டு, சிறுநீர் அடைத்த பிறகுதான் வருவாள். அப்போதும் "சீசன் முடியட்டும் டாக்டரம்மா, அப்புறம் ஆபரேஷன்" என்பாள். திட்டாதீர்கள். இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கும் வளையமான ரிங் பெஸரி வைத்து, கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுத்து, சீசன் முடிந்து வரச் சொல்லுங்கள். வருவாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் அப்படியே, நீர்த்த அசிட்டிக் ஆசிட் தடவி ஒரு நிமிஷம் முழுதாகக் காத்திருந்து வெண்மை தெரிகிறதா என்று பார்க்க ஒரு நர்ஸுக்குச் சொல்லித்தந்துவிட்டால், அவர் பார்க்கும் எண்ணிக்கையை நீங்கள் ஒருநாளும் எட்ட மாட்டீர்கள். அந்த ஒரு நிமிஷம்தான் யாரும் காத்திருப்பதில்லை, அதையும் சொல்லிவைக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுக் கர்ப்பங்களும் வரும். சட்டப்படி போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், சொன்னால் அடுத்த பெண் ஆஸ்பத்திரிக்கே வராமல் போய்விடுவாளோ என்ற பயமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது சுகமான வேலை இல்லை.

படிப்புப் பாதை பற்றிச் சுருக்கமாக. எம்.பி.பி.எஸ். முடித்து நேராக நீட் பி.ஜி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருடம் எம்.எஸ். படிக்கலாம், அல்லது அதற்குச் சமமான டி.என்.பி. படிக்கலாம். இன்னொரு வழி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசுப் பணியில் சேர்ந்து, மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்த்து, அரசு டாக்டர்களுக்கான ஒதுக்கீட்டில் பி.ஜி. போவது. அந்த ஒதுக்கீட்டை மாநிலங்களே தரலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது, தமிழ்நாட்டில் மாநில இடங்களில் பாதி அவர்களுக்கு. கடினப் பகுதியில் வேலை செய்ததற்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு, அளவை மட்டும் அந்தந்த வருடத்துப் ப்ராஸ்பெக்டஸில் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி தனியாக ஒரு பிரசவத்தோடு உட்கார்ந்தவர்தான் பின்னால் அங்கே இருக்கிற நர்ஸுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துகொள்வார். பிறகு ஆசிரியர் ஆவதற்கு சீனியர் ரெசிடெண்ட் ஒரு வருடம், உதவிப் பேராசிரியர், நான்கு வருடத்தில் இணைப் பேராசிரியர், அங்கிருந்து மூன்று வருடத்தில் பேராசிரியர், நடுவில் ஆய்வுக் கட்டுரைகள். 2025ல் தேசிய மருத்துவ ஆணையம் விதியைத் தளர்த்தியிருக்கிறது: 220 படுக்கைக்கு மேல் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் ஸ்பெஷலிஸ்டாக இருந்தவர் உதவிப் பேராசிரியராகவும், பத்து வருடம் இருந்தவர் இணைப் பேராசிரியராகவும் வரலாம், ஆராய்ச்சி பற்றிய ஒரு அடிப்படைப் பயிற்சியை மட்டும் முடிக்க வேண்டும். அதாவது மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் டீச்சிங் கதவு மூடிவிடும் என்ற பழைய பயமும் இனி வேண்டாம்.

கஷ்டங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து டாக்டர் இல்லாத ராத்திரிகள் உண்டு. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கே 18 வாரத்தில் அவசர மயக்க மருந்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் வந்ததே அந்தப் பற்றாக்குறையால்தான். ரத்த வங்கியில் நெகட்டிவ் குரூப் இருக்காது. ஒரு தாய் இறந்தால் உறவினர் கோபம் ஒருபக்கம், மரணத் தணிக்கையில் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கணக்குச் சொல்வது மறுபக்கம். அந்தத் தணிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன், 2018-20ல் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு நாட்டின் சராசரி 97 தாய்மார் சாவாக இருந்தபோது தமிழ்நாட்டில் 54 ஆக இருந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் சிலர் அதை ஆளைப் பிடித்துத் திட்டும் கூட்டமாக நடத்துவார்கள். அப்படி நடந்தால் அடுத்த முறை கீழே இருப்பவர் கேஸ் ஷீட்டில் நேரத்தைத் திருத்தி எழுதுவார், எல்லோரும் எதையும் கற்காமல் வீட்டுக்குப் போவார்கள். கல்யாணம், குழந்தை, பள்ளிக்கூடம் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். கணவரும் டாக்டராக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே ஊரில் போஸ்டிங் வாங்குவதுதான் உண்மையான தலைவலி, குழந்தையின் பள்ளிக்கூடம் அல்ல, ஊட்டியில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் லேபர் வார்டு போஸ்டிங் வரும்போது, சிசேரியனில் ரிட்ராக்டர் பிடிக்க ஓடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, வார்டில் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் யாரோ அவரோடு நில்லுங்கள். அவர் எப்படிக் கர்ப்பப்பையில் கைவைத்து இறுக்கம் பார்க்கிறார், எந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். கிராம சுகாதார நர்ஸ் யாராவது ஒருவரோடு ஒரு நாள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு நடந்து போய்விட்டும் வாருங்கள், செருப்பு இல்லை, ஷூ போட்டுக்கொண்டு, மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொண்டு. அதற்குப் பிறகும் ஓ.ஜி. பிடித்திருந்தால் விண்ணப்பம் போடுங்கள். எந்தக் கல்லூரியில் எந்த யூனிட் நல்லது என்பதைத் தனியாகக் கேளுங்கள், பொதுவில் எழுத மாட்டேன்.